பதிமூன்று மில்லிமீட்டர்

அம்மாவின் கீழுதட்டில் வலது பாதி செத்துப்போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. டீ குடித்தால் அந்தப் பக்கம் ஒழுகும். ஒழுகுவது அவளுக்குத் தெரியாது. எதிரே இருப்பவரின் பார்வை மோவாய்க்கு இறங்குவதைப் பார்த்துத்தான் முந்தானையை எடுப்பாள். சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது, கடித்துக்கொண்டு ரத்தம் வந்தாலும் தெரியாது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்குத் தெரியும். அது என்ன பாடு என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். பல்லையும் தாடையையும் மட்டும் எடுக்கிற மெஷின். காலை உடைத்துக்கொண்டு வந்து நின்று, "ஸ்கேன்னுதான போர்டு போட்டுக்கீறீங்கோ" என்று சண்டை பிடிக்கிறவர்களும் உண்டு. பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் ஒரு திருகாணியை இறக்கி, அதன்மேல் பல் கட்டுகிறார்களே, அதற்கு முன்னால் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் எங்களிடம் அனுப்புவார்கள். மோவாயைக் கட்டையில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மெஷின் தலையைச் சுற்றி வரும். அதற்குள் எச்சில் விழுங்கக் கூடாது, ஆடக் கூடாது. அப்புறம் அந்தத் தாடையை நான் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், ரொட்டி மாதிரி துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. படத்தில் அது எலும்புக்கு நடுவே கறுப்பாக ஒரு பொந்து. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி போவது அந்த வழியாகத்தான். எலும்பின் மேல்விளிம்பிலிருந்து அந்தப் பொந்து வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்வது என் வேலை.

படங்களை சி.டி.யில் ஏற்றி, கவரில் போட்டு, பின் அடித்து, வந்தவர் கையில் கொடுத்தனுப்புவோம். டாக்டர் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, எங்கே எவ்வளவு ஆழம் துளைக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நடக்கிற கதை வேறு. போன் வரும். "படம் வந்துச்சா? ஹைட் எவ்ளோ? நம்பர் மட்டும் சொல்லு." சொல்வேன். வாட்ஸப்பில் ஒரு படத்தைத் தட்டிவிடுவேன். அவர்களுக்கு இன்னொரு பேஷண்ட் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார், எனக்கு வெளியே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா டாக்டரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னைக் கழற்றாத கவரோடு திரும்பி வந்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் நான் நம்பரோடு நிறுத்தவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு டாக்டர். ஆள் கடுகடுப்பு, கை சுத்தம் என்று பெயர். அவர் ஒரு நாள் நம்பர் கேட்டார். சொல்லிவிட்டு, "சார், அந்த எடத்துல எலும்பு உள்பக்கமா குழிஞ்சிருக்கு, பாத்துக்கங்க" என்றேன்.

"நீ டாக்டரா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. எடுக்கறது உன் வேலை, படிக்கறது என் வேலை."

அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது. காது வரைக்கும் சுட்டது. சரி ராசா, இனிமேல் கேட்டதற்கு மட்டும்தான், ஒரு வார்த்தை கூட வராது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். வீம்பில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. ஒரே ஆள் உண்டு, அது என் அம்மா.

அம்மா கடப்பாக்கம் பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவள். காலையில் படகு கரைக்கு வந்ததும் கூடை கூடையாக மணலில் இறங்கும். வியாபாரிகள் வளைத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் அம்மா நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்த ஆரம்பித்தால், ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கும் அன்றைக்கு என்ன மீன் என்று தெரிந்துவிடும். அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கூடையைக் கவிழ்த்துக் கொட்டாமல் விலை சொல்ல மாட்டாள். மற்றவர்கள் கூடையை நிமிர்த்தி வைத்தே ஏலம் விடுவார்கள். மேலே நாலு நல்ல சங்கரா பளபளவென்று கிடக்கும், அடியில் நசுங்கினதும் பொடியுமாக இருக்கும். அம்மா காலால் ஒரு உதை விடுவாள், கூடை குப்புற விழும். "அடியில கீறதையும் பாத்துக்க. அப்பால வந்து எங்கிட்ட வாயாடாத" என்பாள். சொந்தக்காரன் படகு என்றாலும் அதே உதைதான். அதனால் அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் எங்களுக்கு உண்டு.

அவளுக்கு வலது பக்கம் கீழ்க் கடைவாயில் பற்கள் போய், கழற்றி மாட்டுகிற செட்டுப் பல் போட்டிருந்தாள். ஒரு நாள் தொண்டை கிழியக் கத்தும்போது அந்த செட்டு எகிறிப்போய் மீன் குவியலில் விழுந்தது.

"யக்கா, பல்லும் சேத்துதான் ஏலமா?" என்று ஒருத்தன் கேட்டான். கரையே சிரித்தது. அம்மாவும் கூடச் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"இனிமே அத்த மாட்டிகினு நான் கரைக்குப் போவ மாட்டேன். பல்லு இல்லாம போனாலும் பேச்சு ஓட்டமா வர மாட்டுது. இன்னாடி பண்றது?"

நான்தான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. "ஸ்க்ரூ பல்லு போட்டுக்கலாம்மா. ஆடாது, எகிறாது. படம் நானே எடுக்கறேன்." கேளம்பாக்கத்து டாக்டரைக் காட்டினதும் நான்தான். கோபம் அவர் வாயின் மேல்தானே, கையின் மேல் இல்லையே என்று பெரிய மனுஷி மாதிரி நினைத்துக்கொண்டேன்.

படம் எடுக்க அம்மா செங்கல்பட்டுக்கு வந்த அன்று, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மகள் வேலை செய்கிற இடமாம். உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, படத்தில் கீற்று விழும் என்று மூக்குத்தியைக் கழற்றச் சொன்னேன். அது திருகு இறுகிப்போய்க் கழலவே இல்லை. சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, நானும் அவளும் வாஷ்பேசின் முன்னால் மல்லுக்கட்டினோம். "இவ்ளோ பெரிய மெஷினு, இம்மாத்துண்டு மூக்குத்திய பாத்து பயப்புடுதா?" என்று கேட்டாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடம், "எம் பொண்ணுதான் படம் புடிக்கிது" என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். குச்சியைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அம்மா அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி சி.டி. கவரைக் கையில் கொடுத்து அவளை அனுப்பிய பிறகு படத்தைத் திருப்பினேன், வெட்டினேன், நரம்புப் பொந்தின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு போட்டேன். பல் போட வேண்டிய இடத்தில் எலும்பு நல்ல உயரம். விளிம்பிலிருந்து பொந்து வரை பதிமூன்று மில்லிமீட்டர். ஆனால் அந்த விளிம்பு கத்தி முனை மாதிரி இருந்தது. பல் போய் ரொம்ப நாளானால் எலும்பு அப்படிக் கரைந்துபோகும். கத்தி முனையில் திருகாணி நிற்காது. மேலே மூன்று மில்லிமீட்டரைச் சீவித் தட்டையாக்கினால்தான் நிற்கும். சீவினால் மிச்சம் பத்து. அதில் நரம்புக்கு மேலே இரண்டு விட்டுவிட வேண்டும். ஆக எட்டுதான் போடலாம். இது பெரிய கணக்கில்லை, பிள்ளைகள் விரல் விட்டுச் செய்கிற கணக்கு. துண்டு போட்ட படத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். நான் பார்த்தேன்.

மத்தியானம் போன் வந்தது.

"உங்க அம்மா படம் எடுத்தாச்சா? ஹைட் எவ்ளோ?"

"பதிமூணு சார்."

அத்துடன் பேச்சு முடிந்தது. டாக்டர்கள் பேஷண்டிடம் காட்டிப் பெருமைப்படுகிற மாதிரி தாடை முழுதும் தெரிகிற, ஆனால் கத்தி முனை தெரியாத படம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டேன்.

பல் போடுகிற அன்று லீவு போட்டுவிட்டு நானும் கேளம்பாக்கம் போனேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சந்தோஷமாக வெளியே வந்தார்.

"மேல எலும்பு ரொம்ப மெல்லிசும்மா. ஒரு மூணு எம்எம் சீவிட்டுதான் எறக்கினேன். பத்து எம்எம் ஸ்க்ரூ. கல்லு மாதிரி நிக்குது."

பதிமூன்றில் மூன்று போனால் பத்து. பத்தில் பத்து எம்எம் ஸ்க்ரூ. நரம்புக்கு மேலே விட வேண்டிய இரண்டு எங்கே? "சரி சார்" என்றேன். வேறென்ன சொன்னேன்? "தேங்க்ஸ் சார்" என்றேன். இதை எழுதும்போது கூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மரத்துப்போகிற ஊசி சாயந்தரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அம்மாவுக்கு நாக்கும் கன்னமும் உணர்வுக்கு வந்தன, உதடு வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. "ஒதடு எங்கியோ தூரத்துல கீற மாதிரி கீதுடி" என்றாள். திருகாணி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், எடுத்தால் நரம்பு பிழைக்கிற வாய்ப்பு அதிகம். எனக்கு அது தெரியும். டாக்டருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா?"

"சும்மா பயப்படாத. மரமரப்பு கொஞ்ச நாள் இருக்கும், தானா போயிடும். வைட்டமின் எழுதித் தரேன்."

சென்டர் ஓனரிடம் போனேன். டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் ஸ்கேன் எடுக்கக் கூடாது என்றார். "ரூல்ஸ் உனக்குத் தெரியாதாம்மா? அதுவும் அந்த டாக்டர் வேண்டாம்னு சொன்ன பிறகு எடுத்தா, நாளைக்கு அவர் எனக்குக் கேஸ் அனுப்புவாரா?" என்று கேட்டார். மெஷின் பக்கத்து ரூமில் இருந்தது. சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரம். நான் போடவில்லை. சீட்டுக்குக் காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் வராமல் இருக்க மேலே கயிறு கட்டி, பழைய சி.டி.களைத் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் பக்கம் எல்லா வாசலிலும் அது தொங்கும், வெயில் பட்டு மினுக் மினுக்கென்று சுற்றும். ஒன்று மட்டும் புதுசாக இருந்தது. அதன்மேல் என் கையெழுத்து.

"இது ஏம்மா இங்க கீது? டாக்டர் கிட்டதான குடுக்கச் சொன்னேன்?"

"குட்த்தேன். பாத்துட்டேன்மா, நீயே வச்சிக்கன்னு கவரோட திருப்பிக் குட்த்துட்டாரு. இன்னும் எதுக்குன்னு தொங்க வுட்டுட்டேன். நல்லா வெரட்டுது."

"கவர் பிரிச்சிருந்துச்சா?"

"எங்க பிரிச்சாரு? பின்னு அடிச்சது அடிச்ச மாதிரியே கீது. நான்தான் மிச்சம் கீற பல்லால புடுங்கினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு பக்கம் எச்சில் இறங்கியது. அடப்பாவி, ஒரே ஒரு பின். அதைக் கழற்ற உனக்கு நேரமில்லையா என்று அங்கேயே நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தக் கத்த எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பழி முழுவதையும் வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டதல்லவா.

மறுநாள் நேரே கேளம்பாக்கம் போய், அவர் மேஜைக்கு முன்னால் நின்று, சீட்டு வாங்காமல் நகர மாட்டேன் என்றேன். வேண்டா வெறுப்பாக எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள் படம் எடுத்தேன். திருகாணி வெள்ளை வெளேரென்று நின்றது. அதன் நுனி பொந்தின் கூரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். சிலருக்கு உணர்ச்சி திரும்ப வரும், சிலருக்கு வராது, ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். வரவில்லை.

அம்மா கரைக்குப் போகாமல் இல்லை. போனாள். உதடு ஆடத்தான் செய்தது, குரலும் பழைய குரல்தான். ஆனால் கத்தும்போது எச்சில் வழிவது அவளுக்குத் தெரியாது. வியாபாரிகள் மீனைப் பார்க்காமல் அவள் மோவாயைப் பார்த்தார்கள். அவள் ஒரு கையால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விலை சொல்லிப் பார்த்தாள். பாதி வார்த்தை துணிக்குள் போனது. ஒரு நாள் ஒருத்தன் அவளைப் போலவே வாயைக் கோணி ஏலம் விட்டுக் காட்டினான். அன்று உதைத்த கூடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், அப்புறம் போகவில்லை. இப்போது வேறொருத்தி ஏலம் விடுகிறாள், கூடையை நிமிர்த்தி வைத்து.

அதன் பிறகு அம்மாவுக்கு ஒரே வேலை, டாக்டரைத் திட்டுவது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது ஆரம்பிப்பாள். "அவன் கை வெளங்குமா? பொண்ணு அவ்ளோ கரெக்டா அளந்து குட்த்துகீது, அத்த பாக்காத நாயி." யார் வந்தாலும் சொல்வாள். "எம் பொண்ணு மேல தப்பு கெடையாது. அது சொன்ன அளவு அச்சு." நானும் உட்கார்ந்து ஆமாம் போடுவேன். நானும் சேர்ந்து திட்டுவேன். அவளைவிட நன்றாகவே திட்டுவேன், எனக்குத்தான் இங்கிலீஷ் வார்த்தையும் தெரியுமே.

அத்துடன் பேச்சு முடிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய். பதிமூணு சார் என்று நான் சொன்ன பிறகு அவர் போனை வைக்கவில்லை. "வேற ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார். என் அம்மா என்பதால் கேட்டாரோ, அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ, வாயைத் திறந்து கேட்டார். கத்தி முனை எனக்கு முன்னால் ஸ்கிரீனில் நின்றுகொண்டிருந்தது. "இல்ல சார்" என்றேன். பழி வாங்குவதற்காக அப்படிச் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. எத்தனையோ மாதமாக அந்த ஆளுக்கு நம்பரைச் சொல்லிவிட்டு வீம்பாக வாயை மூடி மூடி, அதுவே பழகிவிட்டது. அது யார் தாடை என்று நான் நினைக்கும் முன்பே நாக்கு சொல்லி முடித்துவிட்டது. அப்புறம், படத்தைத்தான் பார்ப்பாரே, பார்த்தால் தெரியுமே என்று இருந்துவிட்டேன். சீவினது போகத்தான் பதிமூன்று என்று அவர் என் நம்பரை நம்பினார், நான் அவர் கண்ணை நம்பினேன். நடுவில் அம்மாவின் உதடு போயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா வாசலில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பல் கட்ட வேண்டும் என்று தெருவில் ஒருத்தி வந்து யோசனை கேட்டாள். அம்மா தன் உதட்டைக் காட்டி டாக்டர் கதையை முழுவதும் சொல்லிவிட்டு, "படத்த மட்டும் எம் பொண்ணு கிட்ட எடு. அது கையில எடுத்தா ஒண்ணும் தப்பாவாது" என்றாள். வந்தவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி முனை எலும்பு, அதைச் சீவ வேண்டியது, அவர் கேட்டது, நான் இல்லை என்றது. அழாமல் சொன்னேன். அழுதால் பாவம் என்று விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அம்மா கை மீனோடு அப்படியே நின்றது.

"மேலுக்குப் பாத்தா நல்லா கீது, அடியில எடம் இல்லன்னு உனுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"கேட்டான்."

"கேட்டாரு."

"கூடைய கொட்டாம வெல சொன்னியாடி?"

அவள் கேட்டது பதிலுக்கு இல்லை. உதட்டோரம் வழிந்தது, இந்தத் தடவை அவள் துடைக்கவில்லை. குனிந்து மிச்சம் இருந்த நெத்திலியைத் திருப்பிப் போட்டு முடித்தாள். கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்த அந்த சி.டி.யை அவிழ்த்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாயந்தரம் எப்போதும் போல டீ கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். சோறு போடுகிறாள், பேசுகிறாள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்கிறாள். டாக்டரை மட்டும் இப்போதெல்லாம் திட்டுவதில்லை.